கவுன்டருக்கு முன்பே எழுதப்பட்ட பதில்

பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், பல்கலைக்கழகம் பதில் மனு தாக்கல் செய்யும். வழக்கறிஞர்கள் வாயிலும் அலுவலகத்திலும் அது ‘கவுன்டர்’. மனுவின் ஒவ்வொரு பத்தியையும் மறுத்து, விதி எண்களை அடுக்கி, வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று முடியும் சில பக்கக் காகிதம். பல்கலைக்கழகத்தின் பதில் இதுதான் என்று நினைப்பது இயல்பு. நீதிமன்றமோ முதலில் வேறொரு காகிதத்தைத் தேடும். மனுதாரருக்குப் பல்கலைக்கழகம் முதன்முதலில் அனுப்பிய உத்தரவு எங்கே, அதில் என்ன காரணம் எழுதியிருக்கிறது?

1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. பஞ்சாபின் பெரோஸ்பூர் மக்களவைத் தொகுதி முழுவதற்கும் மறுவாக்குப் பதிவு வைக்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது பற்றிய வழக்கு அது. கல்விக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அதில் நீதிபதி கிருஷ்ணய்யர் வகுத்த விதி பல்கலைக்கழக வழக்குகள் பலவற்றின் தலையெழுத்தைத் தீர்மானித்துவருகிறது. சட்டப்படி அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பின் உத்தரவை, அந்த உத்தரவில் சொல்லப்பட்ட காரணங்களைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். பின்னாளில் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே, பல்கலைக்கழகம் வழக்கை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்க்க நீதிமன்றத்துக்குப் போவது கொஞ்சம் தாமதமான காரியம். தேர்வுப் பிரிவிலோ பணியமைப்புப் பிரிவிலோ ஒரு மேசையில் அந்தப் பதில் பல மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கும்.

நம் மாநிலத்து அலுவலகக் கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் பழக்கமானது. மேலே ‘பார்வை’ என்று போட்டு, விண்ணப்பதாரர் எழுதிய கடிதங்களின் தேதிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இருக்கும். அதன் கீழே ஒற்றை வாக்கியம்: பார்வையில் காணும் தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, விதிகளில் இடமில்லாததால் ஏற்க இயலாது என்று தெரிவிக்கப்படுகிறது. எந்த விதி, யார் பரிசீலித்தார், விண்ணப்பதாரர் சொன்ன காரணத்துக்கு என்ன மறுமொழி என்பதெல்லாம் இருக்காது. நீதிமன்றத்தில் விழப்போகும் உத்தரவு பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் இருக்கும். அதை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்கத் தேவையில்லை. காரணம் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற பழைய அலுவலக ஞானத்தில் எழுதியிருப்பார். சட்டம் இந்த ஞானத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது.

திருநெல்வேலிக்கு மேற்கே அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. பாபநாசத்தில் திருவள்ளுவர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரி, பாளையங்கோட்டைக் கல்லூரிகள் சில, ஸ்ரீவைகுண்டத்தில் குமரகுருபர சுவாமிகள் கல்லூரி என்று தாமிரபரணி மலையிறங்கிக் கடல் சேரும்வரை வழியெல்லாம் இருக்கும் கல்லூரிகளுக்கு மார்க்‌ஷீட் இங்கிருந்துதான் போகிறது. கன்னியாகுமரி மாவட்டமும் இதன் எல்லைக்குள் வரும். 1990க்கு முன்பு இந்தக் கல்லூரிகள் 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அதற்கும் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்தபோதும் நீதிமன்றம் பக்கத்தில் வரவில்லை. 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கும்வரை, ஒரு ரிட் மனுவுக்காக நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம் போய்ச் சென்னையில் வழக்கறிஞர் பிடிக்க வேண்டும். இப்போது காலையில் புதிய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால் மாட்டுத்தாவணியில் இறங்கி, மேலூர் சாலையில் இருக்கும் நீதிமன்றத்தில் வேலையை முடித்துவிட்டுப் பொழுது சாய ஊர் திரும்பிவிடலாம். பல்கலைக்கழகத்தைக் கேள்வி கேட்கும் செலவை இந்த ஊர்க்காரர்களுக்குக் குறைத்ததில் எந்தத் தீர்ப்பைவிடவும் இந்தத் தூரக் குறைவுக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. திருநெல்வேலியில் 1996இல் வந்த அரசு சட்டக் கல்லூரியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகக் காலத்தில் கேள்வி கேட்பதற்கே சட்டத்தில் இடம் இருந்ததா என்பது சந்தேகமாக இருந்தது. சாந்தா பாய் வழக்கு இதற்குச் சாட்சி. அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்த உடுப்பியில் ஒரு கல்லூரி. போதிய வசதிகள் இருப்பதைக் காட்டித் தனி அனுமதி பெறாமல் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று இணைப்புக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அதைக் காட்டி ஒரு மாணவிக்கு இடம் மறுக்கப்பட்டது. அரசியலமைப்பு தரும் சமத்துவ உரிமையைக் காட்டி அவர் வழக்குத் தொடுத்தார். 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற அந்த முடிவில், பல்கலைக்கழகம் அரசின் உதவி பெறுகிறதே தவிர அரசு அல்ல, அடிப்படை உரிமை கேட்டு அதன் மீது வர முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. வசதிகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தின் வாதம் ஏதாக இருந்தாலும், ‘நாங்கள் அரசு இல்லை’ என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது. 1967இல் ராஜஸ்தான் மின்சார வாரிய வழக்கில் இந்தக் கருத்தைத் தன்னால் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்தக் கதவு முழுதாகத் திறந்தது.

இனி, மனு நகல் வந்து சேர்ந்த பிறகு அலுவலகத்துக்குள் நடப்பது. பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் வழக்குகளில் பதில்களில் கையெழுத்திட்டு உறுதிமொழிய வேண்டியவர் பதிவாளர். நோட்டீஸும் அவருக்குத்தான் சார்வு செய்யப்படும். சட்டமே அப்படிச் சொல்கிறது. பதிவாளரிடமிருந்து சட்டப் பிரிவுக்கு, அங்கிருந்து விவகாரம் எழுந்த பிரிவுக்கு. அந்தப் பிரிவு மனுவைப் பத்தி பத்தியாகப் படித்துக் குறிப்பு தயாரிக்க வேண்டும். ‘பாரா வைஸ் ரிமார்க்ஸ்’ என்று சொல்லப்படும் இந்தக் குறிப்புதான் கவுன்டரின் கரு. இதை எழுதுவது யார்? பெரும்பாலும் முதல் கடிதத்தைத் தயாரித்த அதே மேசை. தன் முடிவு தவறு என்று எந்த மேசையும் குறிப்பு எழுதாது. அது மேலே போகும்போது கண்காணிப்பாளர், துணைப் பதிவாளர் என்று கையெழுத்துகள் கூடுமே தவிரப் புதிய கண்கள் கூடுவதில்லை. கோப்பில் ஒரு காகிதம் குறைந்தால் அதைத் தேடுவதற்கு ஒரு வாய்தா போகும். கல்வெட்டுகளை ஆதாரமாக வைத்துத் திருவிதாங்கூரின் ஆரம்பகால மன்னர்களைப் பற்றி 1894இல் நூல் எழுதிய மனோன்மணியம் பெ. சுந்தரம் பிள்ளையின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் இதைச் சொல்லும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் இது ஒரு பல்கலைக்கழகத்தின் குணம் இல்லை, நம் அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான நடைமுறை.

ஸ்டாண்டிங் கவுன்சில் எனப்படும் நிலை வழக்கறிஞர் இந்தக் குறிப்பைக் கொண்டு கவுன்டரை வரைவார். இந்த இடத்தில் அவர் ஒன்றைச் செய்ய முடியும்: ‘இது நிற்காது, உத்தரவைத் திரும்பப் பெற்று, காரணத்தோடு புது உத்தரவு போடுங்கள்’ என்று எழுதி அனுப்பலாம். நல்ல வழக்கறிஞர்கள் அப்படிச் சொல்வதும் உண்டு. அதை ஏற்று நடப்பதற்குத்தான் நிர்வாகத்தில் ஆள் தேவை.

பல்கலைக்கழகம் ஜெயிக்கும் வழக்குகளுக்கும் தோற்கும் வழக்குகளுக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகவே ஓடுகிறது. மதிப்பெண் விஷயத்தில் பல்கலைக்கழகத்தின் கை ஓங்கியிருக்கும். 1984இல் மகாராஷ்டிரத் தேர்வு வாரிய வழக்கில், விதிகளில் இடம் இல்லாவிட்டால் மறுமதிப்பீடு கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பேராசிரியர் போட்ட மதிப்பெண்ணை நீதிபதி திருத்தப் புகுவதில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. 1983இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில், மருத்துவ நுழைவுத் தேர்வின் விடைக்குறிப்பே தவறு என்று மாணவர்கள் பாடநூல்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். விடைக்குறிப்பு சரி என்றுதான் பொதுவாகக் கொள்ள வேண்டும், ஆனால் அது தவறென்று கண்கூடாகத் தெரியும்போது மாணவனைத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பானது. 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்றானது. அதற்குப் பிறகு அரியரோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வழக்கறிஞரிடம் போகும் முன் செய்ய வேறொன்று கிடைத்தது. பத்து ரூபாய் மனுவில் தீரக்கூடிய சந்தேகத்துக்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் வழியையும் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. 2010இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில், தேர்வு நடத்திப் பட்டம் தருவது விற்பனைச் சேவை இல்லை என்று சொல்லிவிட்டது. ஒரே நேரத்தில் எம்.ஏ.வும் பி.எட்.டும் படித்ததால் பட்டம் மறுக்கப்பட்ட மாணவியின் வழக்கு அது. ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டதை அவர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் தெரியவில்லை.

தோற்கும் இடம் வேறு. கேட்காமல் தண்டித்தால், சொந்த விதியை மீறினால், அனுமதித்துவிட்டுப் பிறகு மறுத்தால் பல்கலைக்கழகம் தோற்கும். இதற்கு முன்னுதாரணம் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. டிரினிட்டி கல்லூரித் தலைவரும் பெரும் கிரேக்க மொழி அறிஞருமான ரிச்சர்ட் பென்ட்லி, பட்டமளிப்புக்காக நான்கு கினி கூடுதல் கட்டணம் கேட்டதில் ஒருவருடன் தகராறு வந்தது. பல்கலைக்கழக நீதிமன்றத்திலிருந்து சம்மன் கொண்டுவந்த சேவகரிடம் அலட்சியமாகப் பேசிவிட்டார். அவருடைய வாதத்தைக் கேட்காமலே 1718இல் பல்கலைக்கழகம் அவர் பட்டங்களைப் பறித்தது. கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் 1723இல் பட்டங்களைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டது. ஆதாமை ஏதேனிலிருந்து விரட்டும் முன் கடவுள்கூட அவன் தரப்பைக் கேட்டார் என்று அதில் ஒரு நீதிபதி சொன்னதை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். நம் உச்ச நீதிமன்றம் 1962இல் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில், காப்பி அடித்ததாகச் சொல்லித் தேர்வை ரத்து செய்யும் முன் மாணவனைக் கேட்டே ஆக வேண்டும் என்றது. மையம் முழுக்கக் கூட்டமாகக் காப்பியடித்த இடத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை என்று 1970இல் பீகார் வழக்கில் ஒரு தளர்வும் தந்தது. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தேர்வுப் பிரிவுகள் சௌகரியமாக மறப்பதுண்டு. ஒரு மாணவர் மீதான புகாருக்கும் கூட்டத் தண்டனையின் சுருக்கு வழியைக் கையாள்வார்கள். அப்புறம் கவுன்டரில் எவ்வளவு எழுதினாலும் நிற்காது.

வருகைப் பதிவு குறைந்த வழக்குகள் இதில் தனி ரகம். ஹால் டிக்கெட் மறுக்கப்பட்ட மாணவர் தேர்வுக்கு முதல் நாள் ‘லஞ்ச் மோஷன்’ போடுவார். அவசர மனுவை நீதிபதி அன்று மதியமே எடுத்துக்கொள்வார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் நகல் வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தேர்வு எழுதட்டும், முடிவை நிறுத்திவையுங்கள் என்று இடைக்கால உத்தரவு வரும். தேர்வு எழுதிய பிறகு ஆளை வெளியே தள்ளுவது சிரமம். இப்படி இரக்கத்தால் இடைக்கால அனுமதி தருவதை 1993இல் குரு நானக் தேவ் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. அதற்காக எல்லாப் பழியையும் நீதிமன்றத்தின் மேல் போட முடியாது. 1975இல் குருக்ஷேத்திரப் பல்கலைக்கழக வழக்கில் சட்ட மாணவர் ஒருவருக்கு வருகை போதவில்லை என்று அவர் தேர்வு எழுதிய பிறகு கண்டுபிடித்தார்கள். தேர்வுக்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிட்டு இப்போது மறுப்பது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. செமஸ்டர் நடுவிலேயே குறைந்த வருகையை எழுத்தில் தெரிவித்து, விளக்கம் வாங்கிக் கோப்பில் வைத்திருந்தால், லஞ்ச் மோஷனில் நீட்டுவதற்கு ஒரு காகிதமாவது இருக்கும்.

வழக்கைத் தோற்கவும் விடாமல் ஜெயிக்கவும் விடாமல் முடிக்கும் இன்னொரு வழியும் உண்டு. ‘மனுதாரரின் விண்ணப்பத்தைச் சட்டப்படி பரிசீலித்து எட்டு வாரங்களுக்குள் முடிவெடுக்கவும்’ என்று உத்தரவிட்டு நீதிமன்றம் வழக்கை முடித்துவைக்கும். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. பல்கலைக்கழக வழக்கறிஞர் எதிர்ப்பதில்லை. பரிசீலிப்பதில் என்ன நஷ்டம்? எட்டு வாரம் கழித்துப் பழைய ஒற்றை வாக்கியம் புதுத் தேதியோடு வரும். மனுதாரர் மறுபடி மனு போட வேண்டும். இந்தப் பழக்கத்தின் ஆபத்தை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். 2008இல் வந்த ஜேக்கப் வழக்கில், 1982இல் மாநிலச் சுரங்கத் துறைப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர் 2000இல் ஒரு விண்ணப்பம் கொடுத்து, அதைப் பரிசீலிக்க உத்தரவு வாங்கி, அந்த உத்தரவைப் பிடித்துக்கொண்டு செத்துப்போன கோரிக்கைக்கு உயிர் கொடுக்கப் பார்த்தார். பரிசீலி என்று சொல்வது பழைய கோரிக்கையைப் புதுப்பிக்காது என்றது நீதிமன்றம். அங்கே அந்தப் பழக்கத்தால் அரசு கஷ்டப்பட்டது. மாணவர் வழக்குகளில் கஷ்டப்படுவது மாணவர். அவருக்கு எட்டு வாரம் என்பது ஒரு மேற்படிப்புச் சேர்க்கை.

ஊழியர் வழக்குகளில் காலம் இன்னும் நீளும். தொகுப்பூதியத்திலும் தற்காலிக அடிப்படையிலும் பத்துப் பதினைந்து வருடம் வேலை வாங்கிவிட்டு, நிரந்தரம் கேட்டால் 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பை நீட்டுவது எல்லாப் பொது நிறுவனங்களின் வழக்கம். பின்வாசல் நியமனத்தைத் தடுக்க வந்த அந்தத் தீர்ப்பு, வாசலைத் திறந்தே வைத்திருந்த நிறுவனங்களின் கேடயமாகிவிட்டது. இதை உச்ச நீதிமன்றம் அண்மையில் உணரத் தொடங்கியிருக்கிறது. குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் மாதம் 30,000 ரூபாய்க்கு வேலை பார்த்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய விகிதம் தர வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அது உத்தரவிட்டது. தெற்கே ஒப்பந்த ஆசிரியர்களை வைத்துத் துறைகளை நடத்தும் பல்கலைக்கழகங்களின் நிதி அலுவலர்கள் அந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படித்திருப்பார்கள்.

நீதிமன்றத்துக்கு வருமுன் தீர்க்க ஒரு வழி காகிதத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர் குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லாவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ மாவட்ட நீதிபதியோ அந்தப் பதவிக்கு வரலாம். நியமிப்பது பல்கலைக்கழகமே. 2024 ஜூனில் மானியக் குழு வெளியிட்ட பட்டியலின்படி 157 பல்கலைக்கழகங்கள் அந்த ஒருவரைக்கூட நியமிக்கவில்லை. அவற்றில் 108 மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான சுதந்திரமான முறைகேள் அமைப்பு ஒன்று மாணவர் புகார்களைக் கட்டணமில்லாமல் விசாரித்து, பெயர்களை மறைத்து முடிவுகளின் சுருக்கத்தையும் வெளியிடுகிறது. அந்தச் சுருக்கங்களைப் படித்தே அடுத்த பல்கலைக்கழகம் தன் கடிதங்களைத் திருத்திக்கொள்ள முடியும். இங்கே ஒரு பல்கலைக்கழகம் தோற்ற வழக்கு அதே பல்கலைக்கழகத்தின் அடுத்த பிரிவுக்குக்கூடத் தெரிவதில்லை. கடந்த ஐந்தாண்டு வழக்குகளில் எத்தனை, எந்தப் பிரிவிலிருந்து, எந்தக் காரணத்தால் தோற்றன என்ற ஒரு பக்க அட்டவணையை ஆட்சிமன்றக் குழு முன் வைத்தாலே பாதி கவுன்டர்கள் எழுத வேண்டியிருக்காது. குறைதீர்ப்பாளரை நியமிப்பதைவிட இது மலிவானது.

தோற்ற பிறகு மேல்முறையீடு. தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து ரிட் அப்பீல் போட 30 நாள். பல்கலைக்கழகம் அந்தக் கெடுவுக்குள் முடிவெடுத்தால் அதிசயம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடுதான் அப்பீல் வரும். 427 நாள் தாமதத்துக்குக் கோப்பு மேசை மேசையாகப் போனதைக் காரணம் காட்டிய அஞ்சல் துறையின் மனுவை 2012இல் உச்ச நீதிமன்றம் தள்ளிய பிறகும் அதே காரணம் எழுதப்படுகிறது. அப்பீல் போடலாமா என்று கேட்டால், போடலாம் என்று எழுதுவதுதான் எந்த அதிகாரிக்கும் பத்திரம். வேண்டாம் என்று எழுதினால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். அப்பீலில் தோற்றால் யாரையும் யாரும் கேட்பதில்லை. வழக்கறிஞர் கட்டணம் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து போகிறது. ரிட் மனுவில் எதிர்மனுதாரர் ‘பதிவாளர்’ என்ற பதவி. அவமதிப்பு மனுவில்தான் அந்தப் பதவியில் இருப்பவரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். மாதக்கணக்கில் நகராத உத்தரவு, அவமதிப்பு நோட்டீஸ் வந்த வாரத்தில் நிறைவேறுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

பெயர் சொல்லி வரும் இன்னொரு வழக்கு, துணைவேந்தரை ‘எந்தத் தகுதியில் அமர்ந்திருக்கிறீர்கள்’ என்று கேட்கும் வழக்கு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கல்யாணி மதிவாணனின் நியமனத்தை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் ரத்து செய்தது. மானியக் குழுவின் விதிமுறைகளை மாநில அரசு ஏற்காதவரை அவை மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்தாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2022இல் குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கில் அதே விதிமுறைகள் கட்டுப்படுத்தும் என்று சொல்லித் துணைவேந்தர் நியமனத்தை ரத்து செய்தது. நியமனத்தைச் செய்தது பல்கலைக்கழகம் அல்ல என்றாலும், எதிர்மனுதாரர் வரிசையில் பல்கலைக்கழகமும் நிற்கும், தன் தலைவருக்காக வாதாடவும் செய்யும். அந்தச் செலவு மாணவர் தேர்வுக் கட்டணம் சேரும் அதே கணக்கிலிருந்துதான் போகிறது.

துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் சட்டத் திருத்தங்களுக்கு 2025 மே 21 அன்று உயர் நீதிமன்றத்தின் விடுமுறை அமர்வு இடைக்காலத் தடை விதித்ததும் ஒரு வழக்கில்தான். தொடுத்தவர் திருநெல்வேலியைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர். ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறி அதற்கு முன்பே துணைவேந்தர் அறைகளைக் காலியாக்கத் தொடங்கியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் அந்த நாற்காலி காலியானது. அப்படிப்பட்ட இடங்களில் அப்பீல் போடுவதா, பழைய உத்தரவைத் திரும்பப் பெறுவதா என்று முடிவெடுக்க வேண்டியது துணைவேந்தருக்குப் பதில் நிர்வாகத்தைப் பார்க்கும் ஒருங்கிணைப்புக் குழு. கவுன்டரில் கையெழுத்திடுபவர் அப்போதும் பதிவாளர்தான். பல இடங்களில் அவரும் பெயருக்குக் கீழே ‘பொறுப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் கையெழுத்திடுகிறார்.